ஒரு சொல்லில் போய் நின்ற வழக்கு: ஹார்ட் டிஸ்க்கின் வேகமும் சத்தமும்

பழைய காம்பேக் கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு எஃப்10 பொத்தானை அழுத்தினால் அமைப்புத் திரை வரும். அதில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போனால், உள்ளே இருக்கும் டிஸ்க் அதற்கு இடம் கொடுத்தால் மட்டும், கூடுதலாக ஒரு வரி தெரியும். பெர்ஃபார்மன்ஸ், கொயட் என்று இரண்டே தேர்வுகள். முதலாவதை வைத்தால் ஹார்ட் டிஸ்க் முழு வேகத்தில் வேலை செய்யும். இரண்டாவதை வைத்தால் கொஞ்சம் நிதானமாக, சத்தம் அடக்கி வேலை செய்யும். வேகம் வேண்டுமா, அமைதி வேண்டுமா என்று கம்ப்யூட்டர் நம்மைக் கேட்ட காலம் அது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த நுட்பம் யாருக்குச் சொந்தம் என்று 2000 ஜூலையில் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் ஒரு வழக்கு தொடங்கியது. ஒருபக்கம் கன்வால்வ் என்ற சிறிய நிறுவனமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும். மறுபக்கம் டிஸ்க் செய்யும் சீகேட், கம்ப்யூட்டர் செய்யும் காம்பேக். 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது எல்லாம் ஒரே ஒரு சொல்லில் போய் நின்றது. இந்தப் பதினைந்து வருடங்களுக்கு இடையில் அந்தத் தேர்வு பயனர்களின் கையை விட்டுப் போய்விட்டது.

வேகமும் சத்தமும் தராசின் இரண்டு தட்டுகள் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கவேண்டும் என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. டிஸ்க் போடும் சத்தத்தில் கணிசமான பகுதி எந்த வேகத்தையும் வாங்கித் தருவதில்லை. அது வீணாகப் போகும் உழைப்பின் சத்தம்.

இரண்டு மோட்டார், இரண்டு சத்தம்

ஹார்ட் டிஸ்க்குக்குள் இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று தட்டுகளைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார். இன்னொன்று, தகவலைப் படித்து எழுதும் ஹெட்டைத் தட்டின் மேல் உள்ளும் வெளியுமாக நகர்த்தும் மோட்டார். இரண்டின் சத்தமும் குணத்தில் வேறு. இந்த வேறுபாடு வழக்கின் முடிவில் திரும்ப வரும்.

ஸ்பிண்டில் சத்தம் நிற்காது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகல், அதன் மேல் பேரிங் போடும் ரீங்காரம், தட்டுகளை உரசிச் சுழலும் காற்றின் இரைச்சல். பால் பேரிங் வைத்த பழைய டிஸ்க்குகள் சில வருடம் ஓடித் தேய்ந்ததும் காதருகே கொசு வந்தது போல ஒரு கீச்சொலியைப் பிடித்துக்கொள்ளும். பால்களுக்குப் பதில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு மிதக்கும் ஃப்ளூயிட் பேரிங் வந்ததும் இது பெருமளவு தீர்ந்தது. 2001இல் சீகேட் வெளியிட்ட பாரகுடா ஏடிஏ 4 இந்த வகை பேரிங்கோடு 7200 சுற்று வேகத்தில் வந்தது. அமைதியான கம்ப்யூட்டர் கட்ட ஆசைப்பட்டவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

ரீங்காரம் அடங்கியதும் இரண்டாவது சத்தம் துல்லியமாகக் கேட்கத் தொடங்கியது. அதுதான் சீக் சத்தம். தட்டில் தகவல் வட்ட வட்டத் தடங்களாக இருக்கும்; ஹெட் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாவும்போது எழும் டக், டக்டக், கர்ர்ர் எல்லாம் இது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றும் அறையில் ஸ்பிண்டில் முனகல் காதுக்கு எட்டவே எட்டாது. சீராக வரும் ஒலியைக் கொஞ்ச நேரத்தில் மனது ஒதுக்கிவிடும். விட்டு விட்டு, எப்போது வரும் என்று தெரியாமல் வரும் டக்டக்கை ஒதுக்க முடியாது. ராத்திரி வேலை ஓடவிட்டுவிட்டுப் படுத்தவர்களுக்கு இது தெரியும்.

இந்த ஹெட் மோட்டாரின் பெயரே வாய்ஸ் காயில் மோட்டார். ஸ்பீக்கரில் காகிதக் கூம்பை அசைப்பது எந்த ஏற்பாடோ அதே ஏற்பாடுதான் இங்கும். வலுவான காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள், அதில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் நகரும், அதோடு ஹெட் தாங்கிய கை திரும்பும். கெட்டுப்போன ஒரு டிஸ்க்கின் மூடியை ஒருமுறை கழற்றி மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். கை தடத்தைத் தேடி உள்ளும் வெளியும் அடித்துக்கொண்டது. கழற்றிய மூடியைத் திரும்ப மேலே வைத்ததும் அதே அசைவு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டது. டிஸ்க்கைக் கையிலிருந்து இறக்கி மேசை மேல் வைத்தால் இன்னும் கூடியது. வீணையில் கம்பியின் ஒலியைக் குடம் பெரிதாக்குவது போல, டிஸ்க்கின் மூடியும் சிபியு பெட்டியின் தகரப் பக்கங்களும் சேர்ந்து ஹெட்டின் உதறலைப் பெரிதாக்குகின்றன. காதுக்கு எட்டுவதில் பெரும்பகுதி தகரத்தின் சத்தம்.

பாதி வழி முடுக்கு, மீதி வழி பிரேக்

ஹெட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மிகக் குறைந்த நேரத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். பாதி தூரம் வரை முழு மின்சாரம் கொடுத்து முடுக்கவேண்டும். பாதி வந்ததும் சட்டென்று மின்சாரத்தைத் திருப்பிப் போட்டு, மீதி தூரம் முழுக்க முழு பலத்தோடு பிரேக் பிடிக்கவேண்டும். வரைபடமாகப் போட்டால் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும் சதுர வடிவம் வரும். சதுர வடிவ அலைக்குள் குறைந்த அதிர்வெண் மட்டும் இருக்காது. உயர்ந்த அதிர்வெண்கள் வரிசையாக ஒளிந்திருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று மூடித் தகட்டின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் தகடு கணீரென்று பாடும்.

சத்தத்தைக் குறைக்க முதலில் தோன்றும் வழி, முடுக்கத்தைக் குறைப்பது. இதற்கு என்ன விலை? நகர எடுக்கும் நேரம் முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகப் போகும். முடுக்கத்தைப் பாதியாக்கினால் நேரம் இரண்டு மடங்காகாது, 1.41 மடங்குதான் ஆகும். விசை பாதியானதால் ஒலியின் திறன் கால் பங்காகும். அதாவது 6 டெசிபல் குறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஸ்க் நிறுவனங்கள் விவரத் தாளில் சத்தத்தை டெசிபலில் போடுவது குறைவு, பெல்லில்தான் போடுவார்கள். ஒரு பெல் என்பது 10 டெசிபல். 2.5 பெல் டிஸ்க்கும் 2.8 பெல் டிஸ்க்கும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்த 0.3 வித்தியாசத்தில் ஒலித் திறன் இரண்டு மடங்கு. தாளைப் படிக்கும்போது புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணை அலட்சியமாகத் தாண்டக்கூடாது.

கணக்கைத் தொடர்வோம். ஒரு டிஸ்க்கின் சராசரி சீக் 9 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். ஹெட் தடத்துக்கு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, அந்தத் தடத்தில் நமக்குத் தேவையான துண்டு, அதாவது செக்டார், சுழன்று ஹெட்டுக்குக் கீழே வரவேண்டும். 7200 சுற்று டிஸ்க்கில் ஒரு முழுச் சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகும், சராசரியாகப் பாதிச் சுற்றுக் காத்திருப்பு 4.17. மொத்தம் 13.2 மில்லிநொடி. நொடிக்கு 76 தடவை இப்படிப் போய் வரலாம். முடுக்கத்தைப் பாதியாக்கினால் சீக் 12.7 ஆகும், மொத்தம் 16.9, நொடிக்கு 59 தடவை. டேட்டாபேஸ் ஓட்டுபவருக்கு இது பெரிய இழப்பு. சினிமா பார்ப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை, ஏனென்றால் பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது ஹெட் தாவுவதே அரிது. 1999இல் அமெரிக்காவில் டிவோ போன்ற வீடியோ ரெக்கார்டர்கள் ஹார்ட் டிஸ்க்கோடு வரவேற்பறைக்குள் நுழைந்தபோது, டிஸ்க்கின் சத்தம் முதல்முறையாக வீட்டுப் பிரச்சினையாக ஆனது. அந்தப் பெட்டிகளுக்கு வேகமான சீக் தேவையே இல்லை, அமைதிதான் தேவை.

இதுவரை சொன்னது தராசுக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது.

சீக்கிரம் போய் என்ன பயன்?

ஹெட் 6 மில்லிநொடியில் தடத்துக்குப் போய்விட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவையான செக்டார் கிளம்பிய நேரத்திலிருந்து 2.67 மில்லிநொடியில் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. அதைப் பிடிக்க வழியில்லை. அது ஒரு சுற்றுச் சுற்றி 11ஆவது மில்லிநொடியில்தான் திரும்ப வரும். ஹெட் 6 மில்லிநொடியில் அடித்துப் பிடித்து ஓடிப் போய், 5 மில்லிநொடி சும்மா நிற்கிறது. பஸ் பத்து மணிக்குத்தான் என்று தெரிந்தும் ஒன்பதரைக்கே மூச்சிரைக்க ஓடி ஸ்டாப்பில் போய் நிற்பது போன்றது இது.

அந்த 11 மில்லிநொடியையும் பயணத்துக்கே எடுத்துக்கொண்டால்? முடுக்கம் நேரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும் என்பதால், 6ஐ 11ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் கிட்டத்தட்ட 0.3. முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கும் தேவையில்லை. சத்தம் 10 டெசிபல் குறைகிறது. தகவல் வந்து சேரும் நேரத்தில் ஒரு மைக்ரோநொடிகூட இழப்பு இல்லை. மின்சாரமும் மிச்சம், சூடும் குறைவு.

இதற்கு ஜஸ்ட் இன் டைம் சீக் என்று தொழிலில் பெயர். வெஸ்டர்ன் டிஜிட்டல் இதைச் சார்ந்த நுட்பத்தை இன்டெலிசீக் என்ற பெயரில் விளம்பரப்படுத்தியது. ஆனால் இதற்குக் கத்திமேல் நடக்கும் துல்லியம் வேண்டும். ஒரு மயிரிழை தாமதமானாலும் செக்டார் தாண்டிப் போய்விடும், அடுத்த 8.33 மில்லிநொடிக்குக் காத்திருக்கவேண்டும். ஆகவே கொஞ்சம் முன்கூட்டியே போய் நிற்கும் இடைவெளியை விட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். அந்த இடைவெளியை எவ்வளவு சுருக்கலாம் என்பது ஹெட் போய் நின்ற பிறகு எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஆட்டத்தை அடக்கும் வித்தைதான் வழக்குக்குப் போனது.

தளும்பாத குடம்

இடுப்பில் நிறைந்த குடத்தோடு வேகமாக நடந்து வருபவர் சட்டென்று நின்றால் தண்ணீர் முன்பக்கம் தளும்பிக் கொட்டும். பழக்கப்பட்டவர் அப்படி நிற்கமாட்டார். கடைசி இரண்டு அடிகளை வைக்கும் விதத்தில் ஒரு தாளம் இருக்கும். முதல் அடி நிறுத்தத்தில் தண்ணீர் முன்னே எழும், அது எழும் சரியான நேரத்துக்கு இரண்டாவது சிறிய அடி விழும். முதலாவது கிளப்பிய அலையை இரண்டாவது கிளப்பும் அலை அழித்துவிடும். அவர் நின்றாயிற்று, தண்ணீரும் நின்றாயிற்று. மெதுவாக நடந்து வந்தவரைவிட இவர் சீக்கிரம் வந்திருப்பார்.

எம்ஐடியில் நீல் சிங்கர் 1989இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைத்தான் கணிதமாக எழுதியது. ஒரு கட்டளையை ஒரே அடியாகக் கொடுக்காமல் இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே அதிர்வின் அரைக் காலம் இடைவெளி விட்டுக் கொடுத்தால், எஞ்சும் அதிர்வு ஒன்றை ஒன்று தின்றுவிடும். டிஸ்க்கின் ஏதோ ஒரு பாகம் 1000 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்றால் அதன் காலம் ஒரு மில்லிநொடி, அரைக் காலம் அரை மில்லிநொடி. அந்த அரை மில்லிநொடித் தாமதம்தான் விலை. இன்புட் ஷேப்பிங் என்று இதற்குப் பெயர். இதன் வித்து 1957இல் ஓட்டோ ஸ்மித் முன்வைத்த போசிகாஸ்ட் முறையிலேயே இருந்தது. ஆனால் அது அதிர்வெண்ணைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தால்தான் பலித்தது. சிங்கரும் அவருடைய வழிகாட்டி வாரன் சீரிங்கும் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அதிர்வெண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆட்டம் அடங்கும்படி செய்தார்கள்.

1990 ஏப்ரலில் இதற்கு அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது, எண் 4,916,635. உரிமை எம்ஐடியிடம். சிங்கர் தொடங்கிய கன்வால்வ் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றுக்கொண்டு, ஆடும் இயந்திரங்கள் வைத்திருப்பவர்களிடமெல்லாம் இந்த வித்தையை விற்கப் போனது. ஹார்ட் டிஸ்க்கைவிட இதற்குப் பொருத்தமான வாடிக்கையாளர் ஏது? தடம் தவறி ஹெட் ஆடினால் படித்தது செல்லாது, ஒரு சுற்று வீண். ஆட்டத்தை அடக்கினால் சத்தமும் குறைகிறது, தடத்தில் நிலைகொள்ளும் நேரமும் குறைகிறது. வேகமும் அமைதியும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது.

128இலிருந்து 254 வரை

இதே காலத்தில் டிஸ்க் தொழில் முழுவதும் சத்தக் குறைப்பில் இறங்கியிருந்தது. சீகேட் சவுண்ட் பேரியர் என்ற பெயரைப் போட்டது, குவாண்டம் கொயட் டிரைவ் என்று போட்டது. கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் ஏடிஏ தரத்தின் ஆறாவது பதிப்பில் ஆட்டோமேடிக் அக்கூஸ்டிக் மேனேஜ்மென்ட் என்ற வசதி இடம்பெற்றது, சுருக்கமாக ஏஏஎம். கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு ஒரு எண்ணை அனுப்பும். 128 என்றால் மிக அமைதி, 254 என்றால் முழு வேகம், நடுவில் இருப்பவை இடைநிலை. நடைமுறையில் பல டிஸ்க்குகள் நடு எண்களைப் பொருட்படுத்தாமல் அமைதி, வேகம் என்ற இரண்டை மட்டுமே மதித்தன.

லினக்ஸில் எச்டிபார்ம் என்ற கருவியால் இந்த எண்ணை மாற்றலாம். ஐபிஎம் தன் டிஸ்க்குகளுக்கு ஃபீச்சர் டூல் என்று ஒன்றைக் கொடுத்தது, பின்னர் அதை ஹிட்டாச்சி தொடர்ந்து கொடுத்தது. குரல் பதிவுக்காக நான் வைத்திருந்த கம்ப்யூட்டரில் 128 போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் மைக் ஒவ்வொரு தாவலையும் பிடித்துவிடும், வாசிப்பின் இடைவெளிகளில் யாரோ விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல விழும். எண்ணை மாற்றிய பிறகு தட்டல் போய், துணியால் மூடிய பெட்டிக்குள் மணல் சரிவது போல ஒன்று மட்டும் மிஞ்சியது. ஹெட்ஃபோனில் காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும். கம்ப்யூட்டர் திறக்கும் நேரம் கூடியது உண்மை. பதிவுக்கு உட்காரும்போது 128, வேலை முடிந்து பேக்கப் ஓடும்போது 254 என்று மாற்றிக்கொள்வேன். தேர்வு கையில் இருப்பதன் அருமை அதுதான்.

வழக்கு நடந்த கதை

கன்வால்வ் 1998இல் சீகேட்டோடும் காம்பேக்கோடும் பேச்சு நடத்தியது. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தன் நுட்பத்தை விளக்கிக் காட்டியது. உடன்பாடு ஏற்படவில்லை. தாங்கள் காட்டியதை எடுத்துத் தங்களுக்குத் தெரியாமல் பயன்படுத்திவிட்டார்கள் என்பது கன்வால்வின் குற்றச்சாட்டு. 2000 ஜூலை 13 அன்று வழக்குப் போட்டார்கள். பேட்டன்ட் மீறல், வணிக ரகசியத்தைத் திருடியது இரண்டும் அதில் இருந்தன. 2001 நவம்பரில் கன்வால்வுக்கு இன்னொரு பேட்டன்ட் கிடைத்தது, 6,314,473. இது வெறும் அதிர்வுக் கணிதம் பற்றியது அல்ல. பயனர் திரையில் மாற்றும் அமைப்பைப் பொறுத்து, டிஸ்க்கின் ஹெட்டை நகர்த்தும் கட்டளையிலிருந்து வேண்டாத அதிர்வெண்களை நீக்குவது பற்றியது. சுருக்கமாகச் சொன்னால், எஃப்10 திரையில் பார்த்த அந்த வரி. 2002 ஜனவரியில் இதையும் வழக்கில் சேர்த்தார்கள். அதே வருடம் காம்பேக்கை எச்பி வாங்கியது.

வழக்கின் நடுவே ஒரு கிளைக் கதை நடந்து, அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் டிஸ்க் சத்தத்தைவிட அதுவே பெரிய இடம் பிடித்தது. சீகேட் தெரிந்தே பேட்டன்டை மீறியதா என்ற கேள்விக்கு, தன் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த கருத்துரையை சீகேட் ஆதாரமாகக் காட்டியது. அப்படியானால் வழக்கை நடத்தும் வழக்கறிஞர்களோடு பேசிய பேச்சையும் காட்டு என்றது மறுபக்கம். இது மேல்முறையீட்டு கோர்ட்டின் முழு அமர்வுக்குப் போனது. 2007 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, தெரிந்தே மீறுதல் என்பதற்கான அளவுகோலையே மாற்றி, அதை நிரூபிப்பதைக் கடினமாக்கியது. 2016இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலைத் தள்ளும் வரை அமெரிக்கப் பேட்டன்ட் வழக்குகள் அதன்படியே நடந்தன.

மூல வழக்கில் 2011இல் கீழ் கோர்ட் சீகேட் பக்கம் தீர்ப்பளித்தது. 2013 ஜூலையில் மேல் கோர்ட் அதில் பெரும்பகுதியை ஏற்றது. வணிக ரகசியப் புகார் விழுந்த விதம் ஒப்பந்தம் போடும் எவரும் படிக்கவேண்டியது. வாய்மொழியாகவோ காட்சியாகவோ சொன்ன ரகசியத்தை, அது ரகசியம்தான் என்று 20 நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்யவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கன்வால்வ் கூட்டத்தில் விளக்கிக் காட்டியதை எல்லாம் அப்படி எழுத்தில் கொடுக்கவில்லை. எழுதாதது ரகசியம் ஆகாது என்றது கோர்ட். ஆராய்ச்சியாளர்கள் கரும்பலகை முன்னால் உற்சாகத்தில் பேசியது இப்படி ஒரு கடிதம் இல்லாமல் பாதுகாப்பிழந்து போனதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மிஞ்சியது 473 என்று முடியும் அந்த இரண்டாவது பேட்டன்ட். அது கீழ் கோர்ட்டுக்குத் திரும்பியது.

'சீக்' என்ற ஒரு சொல்

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 473ஐ அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகம் மறுபரிசோதனைக்கு எடுத்திருந்தது. முந்தைய கண்டுபிடிப்புகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று காட்டவேண்டிய கட்டாயத்தில், கன்வால்வ் தன் உரிமைக் கோரிக்கையின் வாசகத்தில் ஒரு சொல் சேர்த்தது. முன்பு 'ஒலி இரைச்சல்' என்று இருந்தது 'சீக் ஒலி இரைச்சல்' என்று ஆனது. பேட்டன்ட் பிழைத்தது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. மறுபரிசோதனையில் கோரிக்கையின் பொருள் உண்மையாகவே மாறிவிட்டால், மாறுவதற்கு முன்னால் நடந்ததற்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஆகவே கேள்வி இதுதான்: பழைய வாசகத்தில் இருந்த 'ஒலி இரைச்சல்' எந்த இரைச்சலைக் குறித்தது?

சீக் இரைச்சலைத்தான் முதலிலிருந்தே குறித்தோம், சொல்லைச் சேர்த்தது வெறும் விளக்கம் என்றது கன்வால்வ். டிஸ்க்கில் இரண்டு இரைச்சல்கள் இருக்கின்றனவே என்றது மறுபக்கம். ஸ்பிண்டில் இரைச்சல் ஒன்று, சீக் இரைச்சல் ஒன்று. பழைய வாசகம் இரண்டையும் தழுவி நின்றது, புதிய வாசகம் ஒன்றை விட்டுவிட்டது, ஆகவே பொருள் சுருங்கிவிட்டது என்று 2016 பிப்ரவரியில் மேல் கோர்ட் ஏற்றுக்கொண்டது. வழக்கு அதோடு விழுந்தது.

கோர்ட்டின் தர்க்கத்தில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. டிஸ்க்கோடு பழகிய எவரும் அந்த இரண்டு சத்தங்களையும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எஃப்10 திரையில் கொயட் என்று மாற்றினால் ஸ்பிண்டில் சத்தம் துளியும் குறையாது, சுழலும் வேகம் அப்படியேதான் இருக்கும், சீக் சத்தம் மட்டுமே குறையும் என்பதும் அதே அளவு உண்மை. கன்வால்வ் எதைக் கண்டுபிடித்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை முதல்நாளே அந்தச் சொல்லோடு எழுதியிருக்கவேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று

வழக்கு ஓடிக்கொண்டிருந்த வருடங்களில் சீகேட்டின் பின்வந்த டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் பயனர் மாற்றும் ஏஏஎம் இல்லாமல் போனது. வழக்குதான் காரணம் என்று பயனர்களிடையே பரவலாகப் பேச்சு. சட்டத்தில் சிக்கிய ஒரு வசதியைப் புதிய பொருளில் வைக்க எந்த நிறுவனம் துணியும் என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சை ஒதுக்க முடியவில்லை. ஏடிஏ தரத்தின் பிந்தைய பதிப்புகள் ஏஏஎம்மைக் காலாவதியானது என்று குறித்துவிட்டன. டிஸ்க் எவ்வளவு சத்தம் போடவேண்டும் என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்து அனுப்பத் தொடங்கியது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வரிசை போல, கிட்டத்தட்ட 5400 சுற்றில் ஓடும் அமைதி டிஸ்க் தனியாக, வேக டிஸ்க் தனியாக வந்தன. ஒரே டிஸ்க்கைப் பகலில் வேகமாகவும் இரவில் அமைதியாகவும் வைத்துக்கொள்வது போய்விட்டது.

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகு இது செத்த பிரச்சினை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. போட்டோக்களும் வீடியோக்களும் குவிந்து, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேர்த்து வைக்க, வீட்டிலேயே நாலு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்று அதிகம். அதற்கு வாங்கும் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் டேட்டா சென்டருக்கென்று செய்யப்பட்டவை. ஹீலியம் அடைத்த டிஸ்க்கில் காற்று இரைச்சல் குறைவுதான், ஆனால் ஹெட் தாவும் அடி கனமாக விழும். நாலு டிஸ்க்கும் 7200 சுற்றில் ஓடினாலும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடுவதால் அவற்றின் முனகல்கள் கூடியும் குறைந்தும் அலைபோல வரும். பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு அதுவே தலைவலி.

சத்தம் டிஸ்க்கையே திருப்பி அடிக்கும் என்பதையும் சொல்லவேண்டும். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்காரெஸ்ட்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஏற்பாட்டைச் சோதித்தார்கள். தீயே இல்லை. அழுத்தத்தில் அடைத்திருந்த வாயு குழாய்முனை வழியே பீறிட்டு வெளிவந்த பேரொலியில் பல ஹார்ட் டிஸ்க்குகள் கெட்டு, வங்கிச் சேவை பல மணி நேரம் நின்றுபோனது. அதிர்வு ஹெட்டைத் தடத்தை விட்டு ஆட்டிவிடும், ஆடினால் படிப்பதும் எழுதுவதும் நிற்கும். ஒரே பெட்டிக்குள் பக்கத்து டிஸ்க்கின் தாவல் இந்த டிஸ்க்கின் ஹெட்டை ஆட்டுவதும் சிறிய அளவில் இதேதான். சத்தத்தை அடக்குவது காதுக்காக மட்டும் இல்லை.

இப்போது கையில் என்ன இருக்கிறது? கட்டளைகளை வரிசை மாற்றி, வழியில் இருக்கும் செக்டார்களை ஒரே நடையில் முடிக்கும் என்சிக்யூ இருக்கிறது. அது தாவும் தூரத்தையே குறைப்பதால் வேகத்தையும் அமைதியையும் சேர்த்துக் கொடுக்கிறது, அணைத்து வைத்திருந்தால் இயக்கிவிடுங்கள். அதிர்வு தகரத்துக்குப் போகாமல் தடுப்பது இன்னொன்று. என் பெட்டியில் டிஸ்க்கை ஸ்க்ரூ போட்டு இறுக்காமல், பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி எடுத்த பட்டைகளில் தொங்கவிட்டிருக்கிறேன். தட்டல் அறையைத் தாண்டி வருவதில்லை. ட்யூப் இரண்டு வருடத்தில் இறுகிப்போகும், மாற்றவேண்டும். டிஸ்க்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் திணிப்பவர்களைப் பார்க்கிறேன், அது வேண்டாம், சூடு வெளியேற வழியில்லாமல் டிஸ்க் வெந்துபோகும். நாஸ் பெட்டியின் வாராந்திரச் சரிபார்ப்பை ராத்திரி இரண்டு மணியிலிருந்து பகல் பதினொன்றுக்கு மாற்றினேன். எல்லாம் சேர்ந்தும் அந்த 128 கொடுத்த அமைதிக்கு ஈடு இல்லை.

குரல் பதிவுக்கு வைத்திருந்த பழைய டிஸ்க் இன்னும் ஓடுகிறது. எச்டிபார்மில் கேட்டால் 128 என்று இப்போதும் பதில் சொல்லும். புதிதாக வாங்கிய டிஸ்க்கிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அக்கூஸ்டிக் என்ற சொல்லுக்கு நேராக 'நாட் சப்போர்ட்டட்' என்று வந்தது.